மாதம்மாவின் பழைய சளி

ஊசி குத்துவதையும் குழாயில் எண் ஒட்டுவதையும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குப் படித்தவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், ஓசூரில் ஓட்டல் வேலை, மலையில் மிளகு பறிப்பு, ஒரு ரத்த வங்கியில் தரை துடைப்பு என்று எங்கும் நிலைக்காமல் சுற்றியபிறகு, ஒரு ஆராய்ச்சிக் குழுவின் ஜீப்பை ஓட்டவும் ஐஸ் பெட்டியைச் சுமக்கவும் வந்து சேர்ந்தேன். மற்ற வேலைகளில் கால் அரித்தது. இதில் மட்டும் ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டேன், ஏனென்றால் இது ஓரிடத்தில் உட்காராத வேலை.

ஏற்காடு மலையில் நாகலூர், கொட்டச்சேடு, கரடியூர்ப் பக்கம் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்காத பாதை குறைவு. அட்டை கடித்ததும், ஜீப் சேற்றில் இறங்கியதும், பன்னையும் டீயையும் வைத்து நாளை ஓட்டியதும் உங்களுக்கும் நடக்கும். போகப் போகப் பழகிவிடும். பழகாத ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நாம் ஒருவருடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்கிறோம். சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம். அந்த வார்த்தை அங்கேயே தங்கிவிடுகிறது.

கொட்டச்சேட்டுக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட். பேர் வேண்டாம். கொரோனா வருவதற்குச் சில வருடங்கள் முன்பே நாங்கள் அங்கே போய்க்கொண்டிருந்தோம். அப்போது எங்கள் வேலை, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பது. முடிவுகளை வீடு வீடாகப் போய்ச் சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. எஸ்டேட்டில் தினமும் காலையில் எல்லாரும் காப்பி காயவைக்கும் களத்தில் கூடுவார்கள். கணக்கு எழுதுகிற ரைட்டர் பேர் கூப்பிடுவார், யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று பிரித்து அனுப்புவார். நாங்களும் அங்கேயே நின்று, ரைட்டர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடும்போது அவரவர் முடிவைச் சொல்லிவிடுவோம். ரத்தம் குறைவு என்றால் மாத்திரை கொடுப்போம். அது ஒரு விளையாட்டு மாதிரி நடக்கும். ஒருமுறை ஒரு பெண்ணுக்கு ரத்தம் மிகக் குறைவு என்று சொன்னதும், பக்கத்தில் நின்றவர், "ஏன்டி, உனக்கு ரத்தமே இல்லைங்கறாங்க, வாய் மட்டும் எதுல ஓடுது?" என்று கேட்டார். களம் முழுவதும் சிரித்தது. மாத்திரை வாங்கியவரும் சிரித்தார்.

இந்த வழக்கம் நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. நல்ல வழக்கம் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம்.

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கில் மலைக்கு பஸ் நின்றது. அந்த எஸ்டேட்டில் ஒரு சாவு. மேஸ்திரியாக இருந்த பெரியவர் காய்ச்சலில் படுத்தார், மூச்சு வாங்கியது, சேலத்துக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. கொரோனா என்று சொன்னார்கள். உடலைக் குடும்பத்திடம் தரவில்லை. அவருடைய மகன்தான் அங்கே ரைட்டர், குமரேசன். முப்பதைத் தாண்டாதவர், கணக்காகப் பேசுகிறவர். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத ஆள் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். வேலையை ஒழுங்காகச் செய்தார். யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

நோய் கொஞ்சம் தணிந்த சமயத்தில் நாங்கள் மறுபடி மலையேறினோம். இந்த முறை வேலை வேறு. யாருக்கெல்லாம் நோய் தெரியாமலே வந்து போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு கிருமி உடம்புக்குள் வந்தால், அதை எதிர்க்க உடம்பு ஒரு பொருளைச் செய்து வைத்துக்கொள்ளும். கிருமி போனபிறகும் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் கொஞ்ச காலம் தங்கும். அதைத் தேடுவதுதான் சோதனை. லைன் வீடுகளில், அதாவது எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், எல்லாரிடமும் ரத்தம் எடுத்தோம். முடிவு வந்தது. பழைய வழக்கப்படியே களத்தில் போய் நின்றோம்.

குமரேசன் பேர் கூப்பிட்டார். எங்கள் டெக்னீசியன் தாளைப் பார்த்து, "இல்ல", "இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாதம்மா என்ற பேர் வந்தது. "இருக்கு" என்றார். அடுத்து அவருடைய மகள். "இருக்கு." மகன். "இருக்கு." அதற்குப் பிறகு குமரேசன் அடுத்த பேரைக் கூப்பிடவில்லை. டெக்னீசியன் காத்திருந்து, அவராகவே மீதியை வாசித்து முடித்தார். மீதி எல்லாம் "இல்ல" தான்.

அந்த அமைதிக்குக் காரணம் எங்களுக்கு அப்போது தெரியாது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஊரடங்குக்குச் சற்று முன் மாதம்மா தங்கச்சியின் பிரசவத்துக்காகச் சேலம் போயிருந்தார். திரும்ப பஸ் இல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தே மலையேறி வந்தார். வந்தபோது மூவருக்கும் சளி. கொஞ்ச நாளில் மேஸ்திரி படுத்துவிட்டார். அதுவரை அது பேச்சாக மட்டும் இருந்தது. நாங்கள் போய் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டோம்.

அடுத்த முறை போனபோது யாரும் கையை நீட்டவில்லை. குமரேசன்தான் எங்களிடம் பேசினார். "யார் கொண்டாந்ததுன்னு தெரிஞ்சு போச்சுங்க. இனி எதுக்குங்க ரத்தம்?" என்றார். குரல் உயரவில்லை.

திரும்பி வரும்போது வளைவில் மாதம்மா ஜீப்பை மறித்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கேரளாவுக்கு மரம் வெட்டப் போனவர், தகவலே இல்லை. அந்த லைன் வீட்டில்தான் பிறந்தவர். நடந்ததை நின்ற இடத்திலேயே சொன்னார். குழாயடியில் அவர் குடம் இருந்தால் மற்றவர்கள் தண்ணீர் பிடிப்பதில்லை. காப்பிப் பழம் பறிக்கப் போனால் அவருக்கு இரண்டு பக்கமும் மூன்று வரிசைச் செடிகளை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள். நாகலூரில் மளிகைக் கடை வைத்திருக்கிற பாய், சாமானை வெளியே பலகையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். "தப்பா நெனைக்காத தங்கச்சி, உனக்குக் கையில குடுத்தா மத்தவங்க கடைக்கு வரமாட்டேங்கறாங்க" என்று அவரே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் மாதம்மா பொறுத்துக்கொண்டார். இப்போது, அவள் லைனில் இருந்தால் நாங்கள் பழம் பறிக்க வரமாட்டோம் என்று மற்றவர்கள் எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். பழம் சிவந்து நிற்கிற காலம். மேனேஜர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்கண்ணா, எனக்கு என்னமோ இருக்குதுன்னு சொன்னீங்களே, அது என்னதுங்க? சளி புடிச்சுது, நான் இல்லைங்கல. ஆனா மேஸ்திரி ஊட்டுப் பக்கம் நான் போவவே இல்லீங்க. எனக்குப் போறதுக்கு வேற ஊடு இல்லீங்கண்ணா."

நான் அவரை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். லாரியில் இருந்த காலத்தில் தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பழகியவன் நான். வாசனை தெரியாமல் போனதா, மூச்சு வாங்கியதா என்று துருவினேன். எல்லாவற்றுக்கும் உடனே இல்லை என்றார். அந்த வேகமே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதே சமயம் குமரேசன் மேலும் சந்தேகம். ரத்தம் எடுத்த அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் ஐஸ் பெட்டியை அவர் அறையில் வைத்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போயிருந்தோம். குழாய்களை மாற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கீழே போனதும் முதல் வேலையாகப் பெட்டியில் ஒட்டிய நாடாவைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் விசாரித்தேன். பிரிக்கப்படாமல்தான் வந்திருந்தது. குழாய்களின் எண்களும் சரியாக இருந்தன. குமரேசன் ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைமையாக இருந்த டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் சந்தேகங்களையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆளுங்க எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டீங்க. டெஸ்ட்டை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதை என் புத்திக்கு எட்டிய அளவில் சொல்கிறேன். கொரோனா என்பது ஒரே கிருமியின் பேர் அல்ல, ஒரு குடும்பத்தின் பேர். அந்தக் குடும்பத்தில் நாலு கிருமிகள் வெகுகாலமாக மனிதர்களோடு இருக்கின்றன. மூக்கு ஒழுகி, தொண்டை கரகரத்து, சில நாளில் போய்விடுகிற சாதாரணச் சளி அவற்றின் வேலையாகவும் இருக்கலாம். நம்மில் அநேகம் பேருக்குச் சின்ன வயதிலிருந்தே அவை வந்து வந்து போயிருக்கும். புதிதாக வந்தது அதே குடும்பத்தின் இன்னொரு ஆள். கிருமியின் சில பாகங்கள் ஆளுக்கு ஆள் மாறும். சில பாகங்கள் குடும்பம் முழுவதற்கும் ஒரே சாயல். அதனால் பழைய சளிக்காக உடம்பு செய்து வைத்த எதிர்ப்புப் பொருள், சிலரிடம் புதிய கிருமியின் அந்தச் சாயலையும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் செய்த சோதனை சாயல் உள்ள பாகத்தைத்தான் பார்த்தது.

நான் புரியாமல் விழித்ததைப் பார்த்து இன்னொரு விதமாகச் சொன்னார். காக்கிச் சட்டை போட்ட ஒருத்தன் ஒரு நாயைக் கல்லால் அடித்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த நாய் காக்கிச் சட்டையில் பஸ் கண்டக்டர் வந்தாலும் குரைக்கும். நாய் குரைத்ததை வைத்துக் கண்டக்டர் அடித்தார் என்று சொல்ல முடியுமா? இந்தச் சோதனை, நாய் குரைக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

முகத்தைப் பார்க்கிற சோதனையும் உண்டு. கிருமியின் மாறுகிற பாகத்தைப் பார்ப்பது. அது எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. மாதம்மாவின் சம்மதத்தோடு மூவரின் ரத்தத்தையும் அதில் போட்டுப் பார்த்தோம். மூவருக்கும் இல்லை என்று வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. மாதம்மா கேட்டுக்கொண்டபடி டாக்டரம்மா அதைக் குமரேசனிடம் போய்ச் சொன்னார். அவர் கேட்டார்: "ஒண்ணுல இருக்குங்கறீங்க, ஒண்ணுல இல்லைங்கறீங்க. எதுங்க பொய்? வந்து போயி நாளாயிருச்சு, அழிஞ்சு போயிருக்கும்னு நீங்களேதானுங்க முன்னாடி சொன்னீங்க?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. எதிர்ப்புப் பொருள் நாளாக நாளாகக் குறையும் என்று நாங்களே சொல்லியிருந்தோம். இப்போது இல்லை என்பதால் எப்போதுமே இல்லை என்று ஆகிவிடாது.

கீழே இறங்கும்போது ஜீப்பில் டாக்டரம்மா, ரத்தசோகைக்கு எடுத்த ரத்தமெல்லாம் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியும், நான்தானே சுமந்தேன். சோதனை போக மீந்ததை ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். அதில் மாதம்மாவுடையதும் உண்டு. புதிய நோய் இந்த உலகத்துக்கே வருவதற்கு முன் எடுத்த ரத்தம் அது. அன்றைக்கே அந்த ரத்தம் முதல் சோதனையில் குரைத்திருந்தால், அது பழைய சளியின் அடையாளம்தான். அழிந்து போயிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கேதான் நானும் டாக்டரம்மாவும் வேறு வேறு பக்கம் நின்றோம். சத்தமில்லாமல் பார்த்துவிடலாம் என்றேன் நான். நல்லதாக வந்தால் சொல்வோம். கெட்டதாக வந்தால், அந்தப் பெண்ணை இன்னும் ஆழத்தில் தள்ளாமல் விட்டுவிடலாம். டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்க ரத்தம். அவங்களுக்கே தெரியாம அதுல சாட்சி தேடறதா? வேற காரியத்துக்குன்னு சொல்லி வாங்கினது" என்றார். மீதியை வைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கு அவர்கள் கைநாட்டு வைத்த காகிதத்தில் எழுதியிருந்தது. யாரும் வாசித்துக் காட்டியதில்லை. இந்த விஷயத்தில் இன்றுவரை எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. கேட்டபின் முடிவு தலைகீழாக வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் யோசிப்பேன். ஆனால் வண்டி ஓட்டுகிறவன் நான், முடிவு எடுத்தது அவர்.

மாதம்மா வீட்டு வாசலில் நின்று, பழைய ரத்தம் இருப்பதையும் அதைப் பார்க்க அவர் சம்மதம் வேண்டும் என்பதையும் சொன்னோம். உள்ளே மூட்டைகள் கட்டி வைத்திருந்தது தெரிந்தது. சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். இறுகியது.

"அன்னைக்கி எடுத்ததை இத்தன வருசமா வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க," என்றார் டாக்டரம்மா.

"எதுக்குங்க?"

"பின்னால எதுக்காவது உதவும்னு."

"யாருக்குங்க?"

மாதம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்களும் தெரிஞ்சுதான் தூக்கிட்டுப் போனீங்களாங்கண்ணா? ரத்தம் பத்தலைன்னு எனக்கே மாத்திரை குடுத்தீங்க. பத்தாத ரத்தத்துல மிச்சம் வேற புடிச்சு வச்சீங்களா?"

வேறு என்னென்ன பார்த்தீர்கள், யார் யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். ரத்தசோகை தவிர ஒன்றும் பார்க்கவில்லை, யாரிடமும் காட்டவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு டாக்டரம்மா மோசமான பக்கத்தையும் சொன்னார். பழைய ரத்தத்தில் அந்த அடையாளம் இல்லை என்று வந்தால், புதிய நோய் அவருக்கு வந்து போயிருக்கலாம் என்றுதான் ஆகும். அப்போதும் மேஸ்திரிக்கு அவர்தான் கொடுத்தார் என்று ஆகாது.

"அதை யாருங்க கேக்கப் போறாங்க?" என்றார் மாதம்மா. மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். "பாருங்க. ஆனா பாத்துட்டு வந்து என் காதுல மட்டும் சொல்லக் கூடாது. அன்னைக்கி எங்க வச்சு இருக்குன்னு சொன்னீங்களோ, அதே களத்துல வச்சுச் சொல்லுங்க. எது வந்தாலும் சரி."

எது வந்தாலுமா என்று டாக்டரம்மா இரண்டாம் முறை கேட்டார்.

"மறைச்சேன்னுதானுங்க என்னைச் சொல்றாங்க," என்றார் அவர்.

மேனேஜரிடம் டாக்டரம்மா பேசி, முடிவு வரும்வரை வீட்டை விட்டுவைக்கச் சம்மதம் வாங்கினார். ஆய்வுக்கூடத்தில் பழைய ரத்தத்தை உருக்கி, இரண்டு சோதனையிலும் போட்டார்கள். நான் வெளியே ஜீப்பைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வந்து, "குரைக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். புதிய ரத்தத்தில் எப்படியோ அதே மாதிரி. முகத்தைப் பார்க்கிற சோதனையில் ஒன்றும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

களத்தில் டாக்டரம்மாவே பேசினார். நாய்க் கதையைச் சொன்னார். புதிய நோய் வருவதற்கு முன் எடுத்த ரத்தத்திலும் இதே அடையாளம் இருந்தது, ஆகவே இது பழைய சளி விட்டுப்போனது என்றார். பிள்ளைகளிடம் அப்போது விரலில் குத்தி ஒரு சொட்டுதான் எடுத்ததால் அவர்களின் பழைய ரத்தம் எங்களிடம் இல்லை, ஆனால் ஒரே வீட்டில் ஒரே சளி சுற்றியிருக்கும் என்றார். கூட்டம் உடனே நம்பிவிடவில்லை. பழைய ரத்தம் என்று எதையோ காட்டுகிறார்கள் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. மாதம்மா போய் அழுதிருப்பாள் என்றது இன்னொரு குரல். முன்வரிசையில் நின்ற வயதான பெண் ஒருவர் வேறு கணக்குப் போட்டார். பழைய சளி அடையாளம் இருந்தால் புதிய நோய் வராதா என்று கேட்டார். வராது என்றால் தனக்கும் "இருக்கு" என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார், தனக்குப் போன மாதம் நல்ல சளி என்றார். மூன்று வரிசை தள்ளி நின்றவர்களில் அவரும் ஒருவர்.

டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார். "தெரியாதுங்க. நாய் குரைக்கறது வேற, கடிக்கறது வேற. பழைய ஞாபகம் இருக்கற ஒடம்பு புதுசைச் சீக்கிரம் சமாளிக்கலாம். இல்லன்னா பழையவனைத் தொரத்தறதா நெனைச்சுட்டு புதியவனை விட்டுடவும் செய்யலாம். ஆளுக்கு ஆள் மாறும். அதை நம்பி யாரும் தடுப்பூசி போடாம உக்காந்துராதீங்க."

தெரியாது என்று ஒரு டாக்டர் கூட்டத்தில் சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகுதான் சலசலப்பு குறைந்தது. எல்லாம் தெரியும் என்றிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

குமரேசன் இப்போது முன்னால் வந்தார். "அப்ப எங்கப்பாவுக்கு யாருங்க குடுத்தது?"

"தெரியாதுங்க. ரத்தத்தைப் பாத்து அதைச் சொல்ல முடியாது."

"முகத்தைப் பாக்கற டெஸ்ட்டுன்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே. லைன்ல எல்லாத்துக்கும் அதைப் போடுங்க. இங்கயே வச்சு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

ஒரு கணத்தில் அந்தக் களம் மாறிப்போனதை நான் பார்த்தேன். மாதம்மாவிடமிருந்து விலகி நின்றவர்கள் இப்போது ஒருவரிடமிருந்து ஒருவர் விலகினார்கள். முதல் சோதனை தப்பலாம் என்றால் அதன் "இல்ல"வும் தப்பலாம். சேலத்துக்குப் போய்வந்தவர், சந்தைக்குப் போனவர், இருமியவர் என்று ஒவ்வொருவருக்கும் தன்னைப் பற்றி ஏதோ ஞாபகம் வந்திருக்கும். அடுத்த மாதம்மா யார் என்று தேடுகிற கண்கள்.

மாட்டேன் என்றார் டாக்டரம்மா. இனிமேல் யாருடைய முடிவும் அவரவரிடம் தனியாகத்தான் சொல்லப்படும் என்றார்.

"இத்தன வருசம் களத்துலதானுங்க சொன்னீங்க. இன்னைக்கி மட்டும் என்னங்க ரகசியம்? யாரைக் காப்பாத்தறீங்க?"

"களத்துல சொன்னதுதான் நாங்க பண்ணின தப்பு, ரைட்டர். ரத்தம் கம்மின்னு சொல்றதும் இதுவும் ஒண்ணுன்னு நெனைச்சுட்டோம். உங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தப்பைப் பண்ணியிருக்கோம்."

குமரேசன் விட்ட இடத்திலிருந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஆட்கள் காட்டுக்குப் பிரிந்து போனார்கள். வீட்டைக் காலி செய்கிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மேனேஜரும் எடுக்கவில்லை. மன்னிப்பு என்று யாரும் மாதம்மாவிடம் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. மூன்று வரிசை இடைவெளி இரண்டாகி, ஒன்றாகி, அந்தப் பறிப்பு முடிவதற்குள் காணாமல் போனது. அவ்வளவுதான்.

மாதம்மா எங்களிடம் ஒன்று கேட்டார். "அந்தப் பழைய ரத்தத்துல மிச்சம் இருக்குதுங்களா?" இருக்கிறது என்றோம். கொட்டிவிடச் சொன்னார். கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

நோய்க்கு முன் எடுத்த மலை ரத்தம் எங்களுக்கு எவ்வளவு அருமையானது என்பது உங்களுக்குத் தெரியும். பழைய சளிக்கும் புதிய நோய்க்கும் உள்ள உறவைப் பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். கொட்டிவிட்டோம் என்று சொல்லிவிட்டால் போகிறது, அந்தப் பெண் எங்கே வந்து பார்க்கப் போகிறார் என்றும் ஒருவர் சொன்னார். டாக்டரம்மா அந்தக் குழாயை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தார். கீழே கொண்டுபோன ரத்தத்தை மேலே கொண்டுபோனது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

மாதம்மா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நுனி அளவு, வெளுத்த மஞ்சளாக இருந்தது.

"ரத்தம்னா செகப்பா இருக்கும். இது என்னதுங்க?"

செந்நிறத்தைப் பிரித்துவிட்டு மேலே நிற்கிற நீரைத்தான் வைப்போம் என்றார் டாக்டரம்மா.

"இதுல எம்பேரு எங்கீங்க?"

"பேர் எழுத மாட்டோம். இந்த நம்பர்தான் நீங்க."

"நம்பரு யாரு வேணாலும் போடலாமுங்களே. இது என்னுதுதான்னு எப்படிங்க தெரியும்?"

டாக்டரம்மா யோசித்தார். "ஒரு வழி இருக்கு. இப்ப உங்ககிட்ட கொஞ்சம் ரத்தம் எடுத்து, ரெண்டையும் வச்சுப் பாத்தா..."

முடிக்கவில்லை. மாதம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. "நல்லா இருக்குதுங்க உங்க ஞாயம். கொட்டறதுக்கும் எடுக்கோணுமா?" என்றார். டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு கிருமி கொல்லும் மருந்தை ஒரு டப்பாவில் ஊற்றிக் கொடுத்தார். மாதம்மா தானே மூடியைத் திறந்து அதில் கவிழ்த்தார். கலங்கவில்லை, நிறம் மாறவில்லை. அது அவருடையதுதானா என்பதற்கு எங்கள் வார்த்தையைத் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் அதே நிலைதான். அதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

அடுத்த சுற்றில் நாங்கள் களத்துக்குப் போகவில்லை. லைனில் ஒரு காலி வீட்டில் உட்கார்ந்தோம். ஆட்கள் வருவார்களா என்றே தெரியவில்லை. வந்தார்கள். ஆனால் முதலில் வந்தவர் கையை நீட்டவில்லை. இதை எதெதுக்குப் பார்ப்பீர்கள், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டார். டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கை வந்தது. இரண்டாவது ஆளும் அதையே கேட்டார். முதல் ஆளுக்குச் சொன்னது காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் தனக்கென்று ஒருமுறை சொல்லச் சொன்னார். முன்பு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை அது. அன்றைக்கு மத்தியானத்தைத் தாண்டியும் வரிசை நகரவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உங்களுக்கும் இருக்கும். காட்டிக்கொள்ளாதீர்கள்.

குமரேசன் முறை வந்தபோது வேறு ஒன்று கேட்டார். "நான் இல்லாமப் போயிட்டா இதை என்னங்க பண்ணுவீங்க?"

"ஊட்டுல இருக்கறவங்களைக் கேக்காம ஒண்ணும் பண்ணமாட்டோம்," என்றார் டாக்டரம்மா.

"கேளுங்க," என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் நின்றது மாதம்மா. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாதம்மா எதையும் கேட்கவும் இல்லை. உட்கார்ந்ததும் டாக்டரம்மாவைப் பார்த்து, "என்னுதை ஒரு வருசம் வச்சிருந்தாப் போதுமுங்க. அதுக்கு மேல வேணும்னா ஊட்டுக்கு வந்து கேளுங்க. ஊடு அதேதான்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.